சொந்தக்காரர்கள் வெளியே நிற்கவும்

விசில் சத்தம்தான். போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ விசில் ஊதினார்கள். கண்டக்டர் ஊதுகிற மாதிரி சுருக்கமாக இல்லை. நீளமாக, கடைசியில் ஒரு கொக்கி போட்டு இழுத்த மாதிரி. கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று உறுமிக்கொண்டே ஆள் பிடிக்கிற தனியார் பஸ்ஸை வெளியே துரத்துகிற டைம் கீப்பர் விசில். திரும்பிப் பார்த்தேன். ஊதியவர் யாரோ ஒரு இளைஞர், நான் நினைத்த ஆள் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஒரு தைப்பூச மதியத்தில் இறக்கிவிட்டது.

ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். பையில் லேபிள் ஒட்டுவது, எதை எந்தக் குளிரில் வைப்பது, இதெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்ட டாக்டர். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் பேர். அதனால்தானோ என்னவோ, ரத்தத்தின் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல். அதுவும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதது.

கருவில் முதல் ரத்தம் உடம்புக்குள் உண்டாவதில்லை. உடம்பை ஒட்டித் தொங்கும் ஒரு சின்னப் பையில் உண்டாகிறது. பிறகு, கருவின் நடுவே ஓடும் பெரிய ரத்தக்குழாயின் சுவரிலிருந்து சில செல்கள் பிதுங்கி உதிர்கின்றன. ஸ்டெம் செல், குருத்தணு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆயுள் முழுக்க ரத்தம் தரப்போகிறவை அவைதான். அவை நீந்திப்போய்க் கல்லீரலில் சில மாதம் குடித்தனம் நடத்துகின்றன. பிறகு அதையும் காலி செய்துவிட்டு எலும்புக்குள் போகின்றன. பிறந்த குழந்தைக்கு எல்லா எலும்பிலும் ரத்தம் ஊறும். வளர வளர கை கால் எலும்புகளைக் கொழுப்பிடம் விட்டுவிட்டு, இடுப்பு, மார்பு, விலா, முதுகு என்று ரத்தம் தன் வீட்டைச் சுருக்கிக்கொள்ளும். இவ்வளவு அலைந்த செல்கள் அங்கே போனதும் செய்கிற முதல் வேலை தூங்குவது. எப்போதாவது ஒன்று விழிக்கும், இரண்டாகும். ஒன்று மறுபடி படுத்துக்கொள்ளும். இன்னொன்று வேலைக்குக் கிளம்பும். அது பெருகிப் பெருகித்தான் நம் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம்.

அந்தத் தூங்கும் செல்கள் இல்லாமல் போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இளவரசி. அண்ணாமலை நகரில் தோழிகளோடு ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பல் விளக்கினால் ஈறில் ரத்தம், காலில் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டு. சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தோம். மைக்ராஸ்கோப்பில் கொழுப்பு, கொழுப்பு, நடுவில் வெறுமை. அவளுடைய உடம்பின் காவல்காரர்களான வெள்ளையணுக்களே ஆள் தெரியாமல் ரத்தத்தின் விதைகளை அடித்து விரட்டியிருந்தார்கள். வேறொருவரின் விதை வேண்டும். கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அச்சாகப் பொருந்தும். அவளுக்கு இருந்ததோ ஒரே தம்பி, சூர்யா. பாலிடெக்னிக் படிக்கிற ஒல்லிப் பையன்.

பொருத்தம் பார்க்க அவனுடைய கன்னத்து உள்பக்கத்தில் பஞ்சை உருட்டிச் சென்னைக்கு அனுப்பிய அன்றைக்குத்தான் தாய்மாமன் அறிமுகமானார். கலியபெருமாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். கழுத்தில் விசில், தோளில் துண்டு, ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில் நின்று பேசிப் பழகிய குரல். இளவரசியின் அப்பா போனபிறகு அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் அவர்தான்.

"இவன் வாயில பஞ்ச உட்டு என்னா மேடம் கெடைக்கப் போவுது? காத்தடிச்சா பறக்குற பையன். என்னுத எடுங்க" என்று சட்டைக் கையை மடித்து புஜத்தைக் காட்டினார். "அறுபதத் தொடப் போறேன். இன்னைக்கும் பஸ்ஸ கையால தள்ளி ஸ்டார்ட் பண்ணுவேன்."

"அது சதை. எனக்கு வேண்டியது எலும்புக்குள்ள இருக்கு."

"எலும்பு மட்டும் இவுங்க அப்பன் வூட்டு எலும்பா? காது குத்துனப்ப இவ என் மடியிலதான் குந்துனா. ரத்தம் குடுக்கிற உரிமையும் எனக்குத்தான் மொதல்ல."

இந்த மாவட்டத்தில் தாய்மாமன் உரிமையோடு சட்டம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. அதனால் நான் அவர் இடத்துக்கே போனேன். "உங்க பஸ் ஸ்டாண்ட்ல நீங்க வேலைக்கி சேர்ந்தப்போ எத்தன ஓனரு வண்டி ஓடுச்சு?"

"அது ஓடும், பத்துப் பாஞ்சு ஓனரு. ஊருக்கு ஒருத்தன்."

"இப்போ?"

"ரெண்டு கம்பெனிக்காரன்தான் மேடம். பர்மிட்ட பூரா வாங்கிட்டான்."

"ஆனா பாக்குறவனுக்கு பஸ் ஸ்டாண்ட் அதே கூட்டமாத்தான தெரியுது? எலும்புக்குள்ளயும் வயசானா அப்படித்தான். சின்ன வயசுல ஆயிரக்கணக்கான விதைங்க மாத்தி மாத்தி முழிச்சி ரத்தம் குடுக்கும். வயசாக வயசாக ஒண்ணு ரெண்டோட வாரிசுங்களே எல்லா ரூட்டையும் புடிச்சிக்கும். எண்ணிக்கை குறையாது. கூடவும் செய்யும். ஆனா ஒவ்வொண்ணும் சோம்பல். நாலு எடத்துல அச்சுப்பிழை வேற சேர்ந்திருக்கும். உங்களுக்கு அது போதும். காலி வீட்டுல போயி முதல்லேர்ந்து குடித்தனம் ஆரம்பிக்கணும்னா வயசு கம்மியான விதை நல்லது."

அவர் சூர்யாவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நான் பழைய பஸ்ஸுன்றீங்க."

"எஃப்.சி. பாஸான பழைய பஸ்."

சூர்யா சிரித்துவிட்டான். "மூட்றா மாப்ள" என்றார்.

சிரித்துக்கொண்டே போனார். அவர் சொன்னதை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட்காரர்கள் அப்படி விட மாட்டார்கள்.

தைப்பூசத்தன்று காலையில் இளவரசிக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. பஞ்சை அடைத்தார்கள். பஞ்சு நனைந்தது. மாற்றி அடைத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏற்றியே ஆக வேண்டும் என்று வார்டிலிருந்து கேட்டார்கள். தட்டணு சிவப்பணு மாதிரி வாரக்கணக்கில் காத்திருக்காது. சில நாளில் செத்துவிடும். எங்களிடம் இருந்த கடைசிப் பை முந்தின நாள் பிரசவ வார்டுக்குப் போயிருந்தது. அவளுடைய குரூப், பி பாசிட்டிவ், அபூர்வமானது இல்லை. நாள்தான் அபூர்வமான நாள். வழக்கமாகக் கொடுக்கிறவர்கள் எல்லாம் ஜோதி பார்க்க வடலூரில். கல்லூரிக்கு விடுமுறை, ஹாஸ்டல்கள் காலி. கடலூர், புதுச்சேரி எல்லா இடமும் போன் போட்டாயிற்று. இல்லை.

கலியபெருமாள் வந்தார். தனியாக இல்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அவர் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆண்கள். வரிசையாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ரத்த வங்கி வாசலில் நின்றார்கள்.

"எடுத்துக்குங்க மேடம். யாருகிட்ட வேணும்னாலும். எல்லாம் நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுங்கன்னா?"

"சொந்தம். வெளி ஆளு ஒருத்தன் கெடையாது. பாத்துப் பாத்து ஏத்தியாந்தேன்."

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாற்று விதை வைக்கப் போகிற நோயாளிக்கு, அதற்கு முன்னால் சொந்தக்காரர் ரத்தத்தை ஏற்றக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்து ரத்தத்திலும் அந்தக் குடும்பத்துச் சாயல் ஒன்று இருக்கும். நோயாளியிடம் இல்லாத சாயல் ஒன்று சொந்தக்காரரிடம் இருந்து, அது ஒருமுறை உள்ளே போய்விட்டால், அவள் உடம்பின் காவல்காரர்கள் அதைப் பழகி வைத்துக்கொள்வார்கள். நாளைக்குத் தம்பியின் விதை வாசலுக்கு வரும்போது, 'இந்த முகம் நமக்குத் தெரியும்' என்று அடித்துத் துரத்துவார்கள். இன்றைக்கு ஒரு பை, நாளைக்கு அவளுடைய ஒரே வாய்ப்பு. இரண்டும் ஒரே தராசில்.

ஒவ்வொருவராகக் கேட்டேன். "நீங்க என்ன உறவு?"

"பெரியப்பா பையன்."

"நீங்க?"

"எங்கம்மாவும் அஞ்சல அம்மாவும் கூடப்பொறந்தவங்க." அஞ்சலை என்பது இளவரசியின் அம்மா.

"நீங்க?"

"நான் சம்பந்தி வகை மேடம். பொண்ணு எடுத்த வூடு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்போ ரத்த சொந்தம் இல்ல?"

"அத்த பொண்ணுதான் மேடம்" என்றார் அவர், வெட்கத்தோடு. கூட்டம் சிரித்தது. நாலு தலைமுறையாக எடுத்ததும் கொடுத்ததும் அதே நாலு வீட்டுக்குள். அந்த வேனில் வெளியாள் டிரைவர் ஒருவர்தான். அவருக்குச் சர்க்கரை நோய், ஊசி போட்டுக்கொள்கிறவர், ரத்தம் கொடுக்கக் கூடாது.

"யாரும் வேணாம். சொந்தக்காரங்க எல்லாரும் வெளியில நில்லுங்க" என்றேன்.

உங்களுக்குச் சொன்ன காரணத்தையே அவர்களுக்கும் சொன்னேன். பிறகு யாரோ பின்னாலிருந்து, "ரத்தம் வேணாம்னு சொல்ற ரத்த பேங்க இப்பதான் பாக்குறேன்" என்றார். இன்னொரு குரல், "நம்ம ரத்தத்துல உப்பு ஜாஸ்தி போல."

கலியபெருமாள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தி எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார். "மேடம். நீங்க சொன்னத நான் மறக்கல. வெத தம்பிகிட்ட இருந்து வரணும். நான் பழைய பஸ்ஸு. சரி. அப்போ சூர்யாவ தொடாதீங்க. அவன நாளைக்கு வெச்சிக்குங்க. இன்னைக்கு என்னுத ஏத்துங்க. நான்தான் வெத குடுக்கப் போறதில்லையே. என்னுதப் பழகிக்கிட்டா என்னா நஷ்டம்?"

எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். இப்படி யோசித்து வந்து கேட்டவர் அவர்தான். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதில் தெரியாததால் அல்ல.

"சூர்யாவோட பாதி எங்கேர்ந்து வந்தது? உங்க தங்கச்சிகிட்ட இருந்து. உங்க தங்கச்சியும் நீங்களும் ஒரே வயிறு. உங்ககிட்ட இருக்கிறது அவன்கிட்டயும் இருக்கும். உங்க முகத்தப் பழகுனா அவன் முகத்துல பாதியப் பழகுன மாதிரி."

"அப்போ நான் மாமன்றதுதான் தப்பா?"

"தப்பு இல்ல. கிட்டத்துல இருக்கீங்க. அவ்வளவுதான்."

வெளியே போய்விட்டார். கதவருகில் தரையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை தலையைத் தூக்காமலே சொன்னாள், "எம் பொண்ணு போயிட்டா உங்க ரூலு வந்து அழுவுமா?" அழாமல் சொன்னாள். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை.

சென்னையில் இருந்த என்னுடைய மூத்தவருக்குப் போன் போட்டேன். ரத்த நோய் மருத்துவர். பேர் சொன்னால் கோபிப்பார். எப்போதும் சுற்றி வளைக்காமல் பேசுவார். "நீ அங்க இருக்க, நான் இங்க இருக்கேன். பேசுறாளா?"

"பேசுறா."

"தெளிவா?"

"தெளிவா."

"அப்போ உனக்கு நேரம் இருக்கு. வெளி ஆளத் தேடு. பேச்சு குளறினாலோ, விடாம தலை வலிச்சாலோ மண்டைக்குள்ள கசியுதுன்னு அர்த்தம். அந்த நிமிஷம் இந்த விதியத் தூக்கிப் போடு. யார் கை கிடைக்குதோ அந்தக் கையில ஊசிய ஏத்து. மாமனாவது மச்சானாவது. உசுரோட இருந்தாதான் நாளைக்கு."

போனை வைத்துவிட்டார். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். விதியைக் கற்றுத்தர நிறையப் பேர் உண்டு. அது எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. எனக்கு அன்றைக்கு ஒரு எல்லைக்கோடு கிடைத்தது. அந்தக் கோடு ஒரு பெண்ணின் நாக்கு.

அதனால் நான் வார்டுக்கும் ரத்த வங்கிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். போகும்போதெல்லாம் இளவரசியிடம் பேச்சுக் கொடுத்தேன். மூக்கில் பஞ்சோடு, குரல் அடைத்துப் பேசினாள். "வெளியில எங்க மாமா சத்தமா மேடம் அது?" என்பாள். "என் பொடவைய எவளோ கட்டிக்கினு கோயிலுக்குப் போயிருக்கா, லாட்ஜுல" என்பாள்.

கலியபெருமாள் வாசலில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குத் தெரிந்த எல்லாரும் சொந்தக்காரர்களாகவே இருந்தார்கள். பிறகு சொந்தமில்லாதவர்களைத் தேடினார். கண்டக்டர்கள், கிளீனர்கள், டீக்கடைக்காரர். எல்லாரும் வடலூர் ஸ்பெஷல் வண்டியிலும் கூட்டத்திலும். ஒருவர் குரூப் வேறு. ஒருவர் முந்தின நாள் குடித்தவர். ஒருவர் போனை எடுக்கவே இல்லை.

சூர்யாதான் மெதுவாகச் சொன்னான். "மாமா. ராஜாமணி அண்ணன் பி பாசிட்டிவ்னு போன வருஷம் ஆக்சிடென்ட்ல யாருக்கோ குடுத்தாரே."

கலியபெருமாளின் முகம் மாறியதைப் பார்த்தேன். ராஜாமணி கடலூர் சேலம் வண்டி டிரைவர், ஆத்தூர்க்காரர். இருவருக்கும் தினமும் சண்டை. ஆள் ஏற்ற இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பார் ராஜாமணி. விசில் ஊதித் துரத்துவார் கலியபெருமாள். முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, 'எட்றா வண்டிய' என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, ஒரு மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும்.

"யோவ் சேலத்தாரே" என்று ஆரம்பித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராஜாமணி" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி எனக்குக் கேட்கவில்லை.

"வடலூர்ல மாட்டிக்கினு இருக்கான். ரோடு பூரா ஜனம்" என்றார் வந்து.

"வர்றாரா?"

"வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. கெட்ட வார்த்தைல திட்டுனான். போன வெச்சிட்டான்."

வார்டுக்குப் போனேன். இளவரசி கண்ணை மூடியிருந்தாள். கூப்பிட்டதும் திறந்தாள்.

"தல வலிக்குது மேடம்."

கட்டிலருகே குனிந்தேன். "எந்தப் பக்கம்?"

"சுத்தி. காலையிலேர்ந்து டீ குடிக்கல. அதானோ என்னவோ."

அதானோ என்னவோ. டீ குடிக்காத தலைவலியும், மண்டைக்குள் கசியும் ரத்தத்தின் முதல் தட்டலும் சொல்லும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். எல்லாம் சரி. "ஒண்ணு சொல்லு. கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு ஸ்டாப்பிங் வரிசையா சொல்லு பாப்போம். டைம் கீப்பர் வளத்த பொண்ணுதான நீ."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "கடலூரு... ஆலப்பாக்கம்... முட்லூரு... சிதம்பரம்."

நடுவில் ஒரு ஸ்டாப்பிங் விட்டுப்போயிருந்தது. "புதுச்சத்திரம் எங்க?"

அவள் உதட்டோரம் மட்டும் அசைந்தது. "பாயின்ட் டு பாயின்ட் மேடம். அங்கெல்லாம் நிக்காது."

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். பேச்சு தெளிவு. கிண்டல் கூட ஓடுகிறது. ஆனால் தலைவலி வந்துவிட்டது. கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. நான் முடிவெடுத்தேன்.

"கலியபெருமாள். உள்ள வாங்க. படுங்க."

தட்டணு பிரிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த கட்டிலில் அவர் ஏறிப் படுத்தார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி சூர்யாவிடம் கொடுத்தார். குரூப்பும் பரிசோதனைகளும் சரி என்று பார்த்துவிட்டு டெக்னீஷியன் அவர் கையைத் துடைத்து, குழாயை மாட்டி, ஊசியை மூடியோடு பக்கத்தில் வைத்தார். "இன்னும் ஒரு தரம் அவகிட்ட பேசிட்டு வருவேன். ஒரு சொல்லு பிசகினாலும் ஆரம்பிச்சிடலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்படி ஒரு நிம்மதியான முகத்தை அந்தக் கட்டிலில் நான் பார்த்ததில்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் தேடுவது அந்தக் கட்டிலைத்தான். சும்மா நிற்பதிலிருந்து கிடைக்கிற விடுதலை அது. நாம் அதைத்தான் அவர்களிடமிருந்து பறிக்கிறோம். பறிக்க வேண்டிய நேரத்தில் பறிக்கத்தான் வேண்டும். ஆனால் எதைப் பறிக்கிறோம் என்று தெரிந்து பறியுங்கள்.

நான் வார்டை நோக்கித் திரும்பினபோது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கினார். சட்டையெல்லாம் புழுதி, தலையில் வைக்கோல் துரும்பு. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாகச் சேத்தியாத்தோப்பு போய், அங்கிருந்து புவனகிரி வழியாக வந்திருந்தார்.

"எங்க அந்த டைம் கீப்பரு?" என்றார்.

"நீங்க ராஜாமணியா? கலியபெருமாளுக்கு என்ன உறவு?" அன்றைக்கு என் வாயில் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சண்டதாங்க உறவு. வேற ஒண்ணும் இல்லீங்க."

குரூப்பும் மற்ற பரிசோதனைகளும் பார்த்தோம். சரி. நரம்பு நல்ல கயிறு மாதிரி. நான் கட்டிலருகே போனேன். "கலியபெருமாள், எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னார், "ஒரே ஒரு தடவ பாப்பாகிட்ட பேசிட்டு வந்துடுங்க மேடம். தெளிவா பேசுறாளான்னு. அப்புறம் எழுந்துக்குறேன்."

போனேன். இளவரசி முழித்திருந்தாள். "மாமா கத்தறது நின்னுபோச்சே, எங்க படுக்க வெச்சீங்க அவர?" என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். கலியபெருமாள் எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்சம் இருந்தார். பிறகு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் படுத்திருந்த ரெக்சினில் ஒட்டியிருந்த வியர்வையைத் தலையணை வரைக்கும் துடைத்தார்.

"படுய்யா."

ராஜாமணி படுத்தார். ஊசி உள்ளே போனபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எத்தன மணிக்கு எடுக்கலாம் வண்டிய?" என்றார்.

"இன்னைக்கு உனக்கு டைமே கெடையாது. கம்முனு படு."

இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. பையில் தட்டணு வைக்கோல் நிறத்தில் ஊறி நிறைந்தது. அது வார்டுக்குப் போனபிறகு, மாலையில் இளவரசியின் மூக்குப் பஞ்சு காய்ந்திருந்தது. டீ கொடுத்தார்கள். தலைவலி போய்விட்டது. டீதான்.

சில நாளில் சென்னையிலிருந்து முடிவு வந்தது. சூர்யா அச்சாகப் பொருந்தினான். பஞ்சு உருட்டிய அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. தைப்பூசத்தன்றும் தெரியாது. பொருந்தாமல் போயிருந்தால் அன்றைக்கு நான் நின்ற நிலைக்கு அர்த்தம் குறைந்திருக்குமா? குறைந்திருக்காது என்று புத்தி சொல்கிறது. அஞ்சலையின் முகம் ஞாபகம் வந்தால் புத்தி கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறது. நம் வேலையில் முடிவுகளை எடுக்கும்போது பாதிக் காகிதங்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. சேர்ந்தபிறகு எடுக்கிறவர்களுக்கு நம்முடைய அவசியம் இல்லை.

சென்னையில் தம்பியின் விதைகளை அவள் கையில் சாதாரண ரத்தம் மாதிரித்தான் ஏற்றினார்கள். யாரும் எலும்பைத் திறந்து உள்ளே வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. அவை ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கள் அறை எது என்று தாங்களே கண்டுபிடித்துப் போய்ப் படுத்துக்கொண்டன. கருவில் போன அதே பாதை, வேறொருத்தியின் உடம்பில். வாரங்கள் கழித்து எண்ணிக்கை மெல்ல ஏறியது. வெளியிலிருந்து வந்தவர்களைக் காவல்காரர்கள் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை.

இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சண்டை வந்தால் தம்பியிடம், "என் உடம்புல ஓடுறதே நீதான்டா, ஒழுங்கா ஓடு" என்பாளாம்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கலியபெருமாள் ரத்த வங்கிக்கு வந்தார். இளவரசியைப் பரிசோதனைக்கு அழைத்துவந்திருந்தார். அவளுடைய எண்ணிக்கைகள் எல்லாம் நன்றாக இருந்தன. என் மேஜைக்கு எதிரில் நின்று சட்டைக் கையை மடித்தார். அதே புஜம்.

"இப்ப எடுத்துக்குவீங்களா?"

"யாருக்கு? இளவரசிக்கு இனிமே தேவை இல்லியே."

"அவளுக்கு இல்ல. சும்மா. யாருக்காவது." பிறகு கொஞ்சம் தயங்கினார். "அறுபது ஆவ இன்னும் மாசம் இருக்கு. ஆனா பழைய பஸ்ஸுன்னு சொன்னீங்களே. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"ஊத்துதான் பழசு. தண்ணி புதுசு. உங்க ரத்தத்துல ஓடுற சிவப்பணு எதுக்கும் நாலு மாசத்துக்கு மேல வயசு கெடையாது."

"அதானே பாத்தேன்" என்று அதே கட்டிலில் ஏறிப் படுத்தார். விசிலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இந்த முறை யாரும் எழுப்பவில்லை. பை நிறைந்தது. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தோம். ராஜாமணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நேற்றும் சண்டை என்றார், திருப்தியாக.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவு வரை போனவர் திரும்பி, மேஜை மேல் கிடந்த தன் ரத்தப் பையைப் பார்த்தார்.

"இது போனதும் யாருக்குப் போச்சுன்னு போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சொல்லக்கூடாதுதான். இருந்தாலும் கேட்டேன்.

அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "வேணாம் மேடம். யாருன்னு சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அவுங்களும் சொந்தமாயிடுவாங்க."